ஏயூசி 0.91 வந்தால் முதலில் டயாலிசிஸ் பட்டியலைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக: பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் டேட்டா பிரிவில் இருக்கிறேன். இதய நோயாளிகளில் யார் டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆவார்கள் என்று கணிக்க ஒரு மாடல் கேட்டிருக்கிறார்கள். மூன்று வருடத் தரவு, 4,100 டிஸ்சார்ஜ், அதில் 11% பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். 62 ஃபீல்டுகளை வைத்து எக்ஸ்ஜிபூஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் முறையை ஓட்டியதில் ஏயூசி 0.91 வந்தது. மேலிடத்துக்குக் காட்டலாமா? இன்னும் எதைச் சேர்க்கலாம்?

பதில்: இப்போதைக்குக் காட்டாதீர்கள். சேர்ப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், முதலில் எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று பார்ப்போம். இந்த வேலையில் 0.91 வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

திரும்பி வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், வந்தவருக்கு மாடல் கூடுதல் மதிப்பெண் போட்டிருக்க எவ்வளவு வாய்ப்பு? அதுதான் ஏயூசி. 0.5 என்றால் காசு சுண்டிப் போடுவதற்குச் சமம். கனடாவின் ஒன்டாரியோவில் 2010-ல் உருவான லேஸ் குறியீடு, யார் திரும்பி வருவார் என்று புள்ளி போட்டுக் கணிப்பது, உலகம் முழுக்கப் பயன்படுகிறது. எல்லா வகை நோயாளிகளையும் சேர்த்து அதற்குக் கிடைத்தது 0.68. இதயச் செயலிழப்பு (ஹார்ட் ஃபெயிலியர்) நோயாளிகளை மட்டும் எடுத்தால் அது 0.6 பக்கம் இறங்கிவிடுகிறது. 2017-ல் அமெரிக்காவின் பெரிய இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் ரேண்டம் ஃபாரஸ்ட், கிரேடியன்ட் பூஸ்டிங் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் 0.62-ஐத் தாண்டவில்லை, லாஜிஸ்டிக் ரெக்ரஷன் என்ற பழைய புள்ளியியல் முறையும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நின்றது. அவர்களிடம் பல்லாயிரம் நோயாளிகள் இருந்தார்கள். உங்களிடம் 4,100.

அல்காரிதம் மட்டமானது என்பதால் இப்படி ஆகவில்லை. ஒருவர் திரும்பி வருவாரா என்பதைத் தீர்மானிக்கும் பாதி விஷயம் மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் கிடையாது. மாத்திரை 14 நாளில் தீர்ந்ததும் மறுபடி வாங்கினாரா, முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபெனாக் போட்டாரா, கால் வீங்கியதை மகள் கவனித்தாளா, இதெல்லாம் எந்த ஃபீல்டில் இருக்கிறது? அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் தரவை வைத்து 2013-ல் வந்த ஆய்வு ஒன்றில், இதயச் செயலிழப்போடு வீடு போனவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் 30 நாளில் திரும்பினார். அப்படித் திரும்பியவர்களில் 35% பேர்தான் அதே இதயச் செயலிழப்புக்காக வந்தவர்கள். மற்றவர்களைக் கூட்டி வந்தது நிமோனியா, சிறுநீரகக் கோளாறு, ரிதம் பிரச்சினை என்று வேறு வேறு. அட்மிஷன் அன்று எடுத்த எக்கோவில் அடுத்த வாரம் வரப்போகும் நிமோனியா தெரியாது.

ஓட்டையைத் தேட ஒரு சின்ன வழி இருக்கிறது. மாடல் அதிக மதிப்பெண் போட்ட முதல் 50 பேரை எடுங்கள். ஒவ்வொருவரின் மறு அட்மிஷன் கோப்பையும் கையால் திறந்து படியுங்கள். அரை நாள் வேலைதான், ஆனால் எந்த மாறி எவ்வளவு பங்களித்தது என்று காட்டும் எந்த ஷாப்லி வரைபடமும் இவ்வளவு சொல்லாது. பெரும்பாலும் மூன்று கூட்டம் கண்ணில் படும்.

முதல் கூட்டம் டயாலிசிஸ் நோயாளிகள். சில மருத்துவமனைகளின் மென்பொருளில் ஒவ்வொரு டயாலிசிஸ் சிட்டிங்குக்கும் தனி ஐபி (உள்நோயாளி) எண் விழும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருபவர் உங்கள் அட்டவணையில் 30 நாளில் பத்துப் பன்னிரண்டு முறை "மறுபடி அட்மிட்" ஆகியிருப்பார். கிரியாட்டினின் 6-க்கு மேல் இருந்தால் திரும்பி வருவார் என்று மாடல் உடனே கற்றுக்கொள்ளும், அது சரியாகவும் இருக்கும், யாருக்கும் பயன்படாது. இரும்புச்சத்து ஊசி, ரத்தம் ஏற்றுதல், ஒரு நாள் கீமோ போன்ற டே-கேர் வகைகளும் இதே கதைதான். திரும்பி வந்தவர்களில் 24 மணி நேரத்துக்குள் வெளியே போனவர்கள் எத்தனை பேர் என்று ஒரு எஸ்க்யூஎல் வரி எழுதிப் பாருங்கள், பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

இரண்டாவது, திட்டமிட்டு வரச் சொன்னவர்கள். மாரடைப்போடு வந்தவருக்கு அன்று அடைத்த குழாயை மட்டும் திறந்து ஸ்டென்ட் வைத்துவிட்டு, மற்ற குழாய்க்கு மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்புவது வழக்கம். பைபாஸுக்குத் தேதி கொடுத்து அனுப்பியவர்கள், பேஸ்மேக்கருக்கோ, துடிப்பு தடம் மாறினால் மின்னதிர்வு கொடுக்கும் ஐசிடி கருவிக்கோ திரும்பி வருபவர்கள், வால்வு அறுவைக்கு முன் சர்க்கரையைக் கட்டுப்படுத்தி வரச் சொன்னவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கில்தான். இவர்களை விட்டுவைத்தால் இரண்டு மூன்று குழாயில் அடைப்பு இருப்பவர்கள் எல்லாரும் அபாயகரமானவர்கள் என்று மாடல் சொல்லும். சொல்வது மருத்துவரின் நாட்குறிப்பில் ஏற்கெனவே எழுதியிருப்பதைத்தான். மறு அட்மிஷன் எமர்ஜென்சி வழியாக வந்ததா, ஓபி வழியாக வந்ததா என்று பிரித்தாலே இதில் பெரும்பகுதி கழிந்துவிடும். மிச்சத்தை ஒரு கார்டியாலஜி ரெஜிஸ்ட்ராரோடு உட்கார்ந்து கையால் பிரியுங்கள்.

மூன்றாவது கூட்டம் எதிர்காலத்தைப் பார்த்துவிட்டுக் கணிப்பது. "முந்தைய அட்மிஷன்கள்" என்ற ஃபீல்டை எப்படிக் கணக்கிட்டீர்கள்? நோயாளி எண்ணை வைத்து மூன்று வருடத்துக்கும் மொத்தமாக எண்ணியிருந்தால், பின்னால் வந்த மறு அட்மிஷனும் அதற்குள் சேர்ந்திருக்கும். நோய்ப் பட்டியலும் அப்படித்தான். பல மென்பொருள்களில் சர்க்கரை, சிறுநீரக நோய், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) போன்ற குறிகள் நோயாளியின் மாஸ்டர் அட்டவணையில் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு முறை வரும்போதும் பழையதன் மேலேயே எழுதப்படும். இன்று அதில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறது என்றால், அது முதல் அட்மிஷனில் தெரிந்ததா, திரும்பி வந்தபோது கண்டுபிடித்ததா என்று சொல்ல முடியாது. ஐசிடி என்ற நோய்வகைக் குறியீடுகளை (மேலே சொன்ன கருவி இல்லை) மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு டிஸ்சார்ஜ் முடிந்து பல நாள் கழித்துத்தான் போடுகிறது. நீங்கள் கணிக்க வேண்டிய நேரமோ டிஸ்சார்ஜ் அன்று காலை பத்து மணி. அந்த நேரத்தில் கணினியில் இருந்ததைத் தவிர எதையும் மாடலுக்குக் காட்டக் கூடாது. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அது பதிவான நேர முத்திரையைக் கேளுங்கள், நேர முத்திரை இல்லாததைத் தூக்கிவிடுங்கள்.

சோதனைத் தரவைப் பிரித்த விதத்தையும் பாருங்கள். வரிசைகளைக் கலைத்துப் போட்டு 80-20 பிரித்திருந்தால், நான்கு முறை அட்மிட் ஆன ஒருவர் இரண்டு பக்கமும் இருப்பார். நோயாளி எண்ணை வைத்துப் பிரிக்க வேண்டும். அதைவிட நல்லது, முதல் இரண்டு வருடத்தில் கற்றுக்கொடுத்து மூன்றாம் வருடத்தில் சோதிப்பது. நிஜத்தில் நடக்கப்போவது அதுதானே. குறைவாக இருக்கும் வகுப்பை, அதாவது திரும்பி வந்தவர்களை, செயற்கை வரிசைகள் உருவாக்கும் ஸ்மோட் போட்டுப் பெருக்கிவிட்டு அதற்கப்புறம் பிரித்திருந்தால் அதுவும் ஏயூசியை ஊதிவிடும். பிரித்த பிறகு போட்டாலும் நிகழ்தகவுகள் கோணலாகிவிடும், 11% நடக்கும் விஷயத்தை 40% என்று சொல்லும். ஸ்மோட்டே வேண்டாம் என்பது என் கட்சி.

இத்தனையையும் சரிசெய்தால் உங்கள் 0.91 அநேகமாக 0.65-லிருந்து 0.70-க்குள் வந்து நிற்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், அது நேர்மையான எண். இன்னும் பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த 11%. இது குறைவாக இருப்பதற்குக் காரணம் உங்கள் நோயாளிகள் நன்றாக இருப்பதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூர் இதய மருத்துவமனைகளுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து வருகிறார்கள், சித்தூர், அனந்தபூரிலிருந்து வருகிறார்கள், கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். ஆஞ்சியோவுக்கு உங்களிடம் வருபவர், ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டினால் அத்திப்பள்ளி தாண்டி வர மாட்டார். ஓசூரிலேயே பக்கத்தில் இருக்கும் நர்சிங் ஹோமில்தான் சேருவார். உங்கள் அட்டவணையில் அவர் "திரும்பி வரவில்லை", அதாவது நலம்.

உங்கள் தரவிலேயே இதைச் சோதிக்கலாம். பின்கோடின் முதல் மூன்று இலக்கத்தை வைத்துத் திரும்பி வந்த விகிதத்தைப் பாருங்கள். 560 என்றால் பெங்களூர் நகரம், 635 ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம், 517 சித்தூர் பக்கம், 7-ல் தொடங்குவது வங்காளம், ஒடிசா, வடகிழக்கு. 560-ல் 16 சதவீதமும் 635-ல் 6 சதவீதமும் 7-ல் 2 சதவீதமும் வந்தால், தூரத்தில் இருப்பவர்களின் இதயம் உறுதியானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மாடல் சொல்லும். பின்கோடு ஃபீல்டைத் தூக்கினாலும் சொல்லும், ஏனென்றால் தங்கிய நாள், பணம் கட்டிய வகை, வந்த வழி எல்லாவற்றிலும் தூரம் கலந்திருக்கிறது. பணம் கட்டிய வகை இன்னொரு பொறி. கார்ப்பரேட் இன்சூரன்ஸ் இருப்பவர் லேசாக நெஞ்சு வலித்தாலும் உங்களிடமே வருவார். முதல் முறையே நகையை அடகு வைத்துக் கட்டியவர் அடுத்த முறை அரசு மருத்துவமனைக்குப் போவார், இல்லாவிட்டால் போகவே மாட்டார். மாடல் முதலாமவரை அபாயம் என்றும் இரண்டாமவரைப் பத்திரம் என்றும் குறிக்கும். செவிலியரின் நேரம் யாருக்குத் தேவையோ அவருக்குப் போகாது. அமெரிக்காவில் நோயின் தீவிரத்துக்குப் பதிலாகச் செலவை வைத்துக் கணித்த ஒரு அல்காரிதம் கறுப்பின நோயாளிகளைப் பின்னுக்குத் தள்ளியதை 2019-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உள்ளே நடப்பது அதே கோளாறுதான்.

இறப்பும் இதில் சேர வேண்டும். இந்தியாவின் தேசிய இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் 53 மருத்துவமனைகளின் 10,851 நோயாளிகள் இருக்கிறார்கள். சராசரி வயது 60, 90 நாளுக்குள் இறந்தவர்கள் 14.2%. திருவனந்தபுரம் பதிவேட்டில் 2013-ல் சேர்க்கப்பட்ட 1,205 பேரில் ஒரு வருடத்தில் இறந்தவர்கள் சுமார் 31%. இவ்வளவு பேர் இறக்கும்போது, இறந்தவரை "திரும்பி வராதவர்" என்று நல்ல கணக்கில் எழுதினால் மாடல் மிக மோசமானவர்களைப் பத்திரம் என்று கற்றுக்கொள்ளும். அதனால் இலக்கை மாற்றுங்கள்: 30 நாளில் மரணம், அல்லது எந்த மருத்துவமனையிலாவது திட்டமிடாத அட்மிஷன்.

இதற்கு ஒரே வழி ஃபோன்தான். 31-லிருந்து 35-ம் நாளுக்குள் ஒரு அழைப்பு. பழைய தரவுக்கு எல்லாரையும் கூப்பிட முடியாது, கடைசி ஆறு மாதத்திலிருந்து குலுக்கல் முறையில் 300 பேரை எடுத்தாலே உண்மையான விகிதம் தெரிந்துவிடும். பதிவேட்டில் இருக்கும் எண் பல நேரம் நோயாளியுடையது இல்லை, அட்மிஷன் அன்று கூட வந்த அட்டெண்டருடையது. பெங்களூரில் டிரைவர் வேலை பார்க்கும் மருமகன் எடுப்பார், மாமனார் ஊருக்குப் போய்விட்டார் என்பார். அட்மிஷன் படிவத்திலேயே வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யார், அவர் எண் என்ன, எந்த மொழி பேசுவார் என்று மூன்று கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். கூப்பிடும்போது "எப்படி இருக்காங்க?" என்று ஆரம்பித்தால் "நல்லா இருக்காங்க" என்று வரும், அதோடு முடிந்தது. "டிஸ்சார்ஜ் ஆனதுக்கப்புறம் அப்பாவை வேற எங்கயாவது ராத்திரி தங்க வச்சுப் பாத்தீங்களா? ஊசி போட்டாங்களா?" என்று கேட்க வேண்டும். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது நாலும் பேசும் ஒரு செவிலியரை சிவாஜிநகர், அல்சூர் பக்கத்தில் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். டேட்டா சயன்டிஸ்ட் கிடைப்பதைவிட அவர் கிடைப்பது முக்கியம்.

ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருப்பதையும் கவனியுங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியல் தரும் தொல்லை இது. முதல் முறை "முருகன் கே", இரண்டாம் முறை ஆதாரைப் பார்த்து "கிருஷ்ணன் முருகன்", மூன்றாம் முறை இன்சூரன்ஸ் அட்டையைப் பார்த்து வேறொன்று. எமர்ஜென்சியில் அவசரத்தில் புது எண்ணே போட்டுவிடுவார்கள். ஃபோன் எண், பிறந்த வருடம், பெயரின் ஒலி மூன்றையும் வைத்து இணைத்துப் பாருங்கள். இப்படி இணைக்கும்போது மறு அட்மிஷன்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

இனி மாறிகள். 62 வேண்டாம். டே-கேரையும் திட்டமிட்டதையும் கழித்தால் உங்களிடம் 300 நிகழ்வுகள் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். 15 மாறிகள் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 20 நிகழ்வு, தாங்கும். 62 வைத்தால் ஐந்துகூட வராது.

என் தேர்வில் முதலில் வருவது கடந்த 12 மாதத்தில் எத்தனை முறை அவசரமாக அட்மிட் ஆனார் என்பது. பிறகு டிஸ்சார்ஜுக்கு முந்தைய கடைசி யூரியா, கிரியாட்டினின், சோடியம், ஹீமோகுளோபின், டிஸ்சார்ஜ் அன்றைய சிஸ்டாலிக் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, தங்கிய நாள், வயது, நுரையீரல் நோய், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், வீட்டுக்கு எழுதிய நீர் மாத்திரையின் அளவு, ஊசியாகக் கொடுத்த கடைசி ஃபுரோசமைடுக்கும் (நீர் பிரிக்கும் மருந்து) டிஸ்சார்ஜுக்கும் இடையே எத்தனை மணி நேரம். ஆலோசனையை மீறிப் போனாரா என்பதும் வேண்டும். பணம் தீர்ந்து "டாமா" எழுதிக் கொடுத்துப் போனவரைத் தரவிலிருந்தே நீக்குவது பலர் செய்யும் தவறு.

பார்க்கச் சாதாரணமாக இருக்கும் இந்த மாறிகளில்தான் கண்ணிகள் உண்டு.

யூரியாவை எடுங்கள். அமெரிக்கக் கட்டுரைகளில் இருப்பது பியூஎன், அதாவது யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும். நம் லேப்களில் பெரும்பாலும் முழு யூரியாவை மி.கி./டெ.லி. அளவில் கொடுக்கிறார்கள். பியூஎன்னை 2.14-ஆல் பெருக்கினால் யூரியா. அமெரிக்காவின் அடீர் இதயச் செயலிழப்புப் பதிவேட்டிலிருந்து வந்த புகழ்பெற்ற எல்லை பியூஎன் 43, அது நம் ரிப்போர்ட்டில் யூரியா 92. மாற்றாமல் அப்படியே போட்டால், யூரியா 50 இருக்கும் சாதாரண நோயாளிகூடச் சிவப்புக் கட்டத்தில் விழுவார். வெளி லேப் ஒன்றும் உள் லேப் ஒன்றும் ஒரே ஃபீல்டில் வேறு வேறு அளவில் எழுதுவதும் உண்டு. யூரியாவின் ஹிஸ்டோகிராமில் இரண்டு மேடு தெரிந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

மருந்துப் பட்டியலில் இருப்பது பிராண்டு பெயர். "ஸ்பைரனோலாக்டோன்" என்று தேடினால் லாசிலாக்டோனும் டைட்டார் பிளஸும் சிக்காது. முதலாவதில் ஃபுரோசமைடோடு, இரண்டாவதில் டார்செமைடோடு அது கலந்திருக்கிறது. நீர் மாத்திரையின் அளவை ஒரே அலகுக்குக் கொண்டுவர, வாய்வழி ஃபுரோசமைடு 40 மி.கி.க்கு டார்செமைடு 20 மி.கி. என்று எடுத்துக்கொள்ளலாம். கலவை மாத்திரைகளுக்கு ஓர் அகராதியைக் கையால் செய்யத்தான் வேண்டும், 150 வரிக்குள் முடிந்துவிடும். மருந்தகத்தில் இருக்கும் அண்ணனிடம் கேட்டால் ஒரு மாலையில் போட்டுத் தருவார்.

எக்கோ ரிப்போர்ட்டில் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதத்தை "ஈஎஃப் 30-35%" என்று ஒருவர் எழுதுவார், "சிவியர் எல்வி டிஸ்ஃபங்ஷன்" என்று எண்ணே இல்லாமல் இன்னொருவர் எழுதுவார். வரம்பாக இருந்தால் நடு எண்ணை எடுங்கள், வார்த்தையாக இருந்தால் வகையாக வையுங்கள். உண்மையில் 30 நாள் கணிப்புக்கு ஈஎஃப் நாம் நினைக்கும் அளவுக்கு உதவுவதில்லை. ஈஎஃப் 55 இருக்கும் எழுபது வயது அம்மாவும் மூச்சுத் திணறித் திரும்பி வருவார்.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதயச் செயலிழப்பில் உடம்பில் தேங்கிய நீர் முழுக்க வடியாமல் வீட்டுக்குப் போவதுதான் சீக்கிரம் திரும்பி வருவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. அதைக் காட்டும் மலிவான அளவு, அட்மிஷன் எடைக்கும் டிஸ்சார்ஜ் எடைக்கும் உள்ள வித்தியாசம். இதயத்தின் சிரமத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான என்டி-புரோபிஎன்பி அட்மிஷனிலிருந்து 30% கூடக் குறையாவிட்டால் கெட்ட அறிகுறி என்பது தெரிந்ததே. ஆனால் விலை காரணமாக அந்தப் பரிசோதனையை நம் ஊரில் பெரும்பாலும் ஒரு முறைதான் எடுக்கிறார்கள், டிஸ்சார்ஜில் இரண்டாவது எண் இருக்காது. எடை இலவசம். இப்போது உங்கள் எடை ஃபீல்டின் ஹிஸ்டோகிராமை வரைந்து பாருங்கள். 60, 65, 70-ல் கோபுரம் கோபுரமாக எழும்பியிருந்தால், அது எடை மெஷினில் ஏற்றிப் பார்த்த எண் இல்லை. ஸ்ட்ரெச்சரில் வந்தவரின் வீட்டாரிடம் "எவ்வளவு வெயிட் இருப்பாங்க?" என்று கேட்டு, ஊசி அளவுக்காக எழுதியது. டிஸ்சார்ஜ் எடை அதையே பார்த்து எழுதியிருப்பார்கள், வித்தியாசம் பூஜ்யம் என்று வரும். இதைக் காணாமல் போன மதிப்பாகக் குறித்துவிட்டு, வார்டு சிஸ்டரிடம் பேசி அடுத்த மாதத்திலிருந்து காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மெஷினில் எடை எடுக்கச் செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து மாடலில் சேர்க்க இதைவிட நல்ல மாறி கிடைக்காது.

லேஸை அப்படியே போட்டுவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 4 முதல் 6 நாள் தங்கினால் 4 புள்ளி. எமர்ஜென்சி வழியாக வந்தால் 3. இதயச் செயலிழப்புக்கு 2. ஆகமொத்தம் 9. சர்க்கரை இருந்தால் இன்னொன்று, 10 வந்துவிட்டது. 10 அல்லது அதற்கு மேல் அதிக அபாயம் என்பது அதன் எல்லை. நம் ஊர் இதயச் செயலிழப்பு வார்டில் சர்க்கரை இல்லாதவரைத் தேட வேண்டும். வார்டு முழுக்கச் சிவப்பாகிவிடும். எல்லா வகை நோயாளிகளுக்கும் நடுவே இதய நோயாளியைப் பிரிக்க லேஸ் உதவும், இதய நோயாளிகளுக்குள்ளேயே பிரிக்க உதவாது.

அதனால் 12 முதல் 15 மாறி, ரிட்ஜ் (எடைகளை அளவோடு வைக்கும் கட்டுப்பாடு) போட்ட லாஜிஸ்டிக் ரெக்ரஷன், யூரியாவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நேர்கோட்டுக்குப் பதிலாக வளைகோடு, அதாவது ஸ்ப்லைன். எக்ஸ்ஜிபூஸ்டைப் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள், 0.02-க்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் எளியதையே வைத்துக்கொள்ளுங்கள். ஏயூசியைவிட, 30% என்று சொன்ன நூறு பேரில் உண்மையில் முப்பது பேர் வந்தார்களா என்பது முக்கியம். பத்துப் பகுதியாகப் பிரித்து வரைந்து பாருங்கள், மாரடைப்புக்கும் இதயச் செயலிழப்புக்கும் வால்வு நோய்க்கும் தனித்தனியாக. ருமேட்டிக் வால்வு நோயோடு வரும் முப்பது வயதுப் பெண்களை, எழுபது வயது அமெரிக்கர்களை வைத்துச் செய்த எந்தக் குறியீடும் சரியாகப் பார்க்காது. அவர்களில் பலரின் பிரச்சினை ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு.

இப்போது மேலிடத்துக்குக் காட்ட வேண்டிய கணக்கு. மாதம் 100 டிஸ்சார்ஜ், உண்மை விகிதம் 20%, செவிலியரால் 25 பேரைத்தான் தொடர்ந்து பார்க்க முடியும் என்று வைப்போம். கண்ணை மூடிக்கொண்டு 25 பேரை எடுத்தால் அதில் 5 பேர் திரும்பி வரப்போகிறவர்கள். ஏயூசி 0.65 உள்ள மாடல் மேலே தள்ளும் 25 பேரில் சுமார் 8. 0.75 ஆக்கினால் 10 அல்லது 11. மாடலை 0.65-லிருந்து 0.75-க்குத் தள்ள நீங்கள் ஒரு வருடம் உழைத்தால் மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் கூடுதலாகப் பட்டியலில் வருவார்கள், அவ்வளவுதான். இன்னொரு செவிலியரை வைத்து 50 பேரைப் பார்த்தால், 0.65 மாடலே அந்த 20 பேரில் 13 பேரைப் பிடித்துவிடும்.

பட்டியலில் வந்தவருக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். எடையையும் அறிகுறியையும் தானியங்கி ஃபோனில் பதியச் சொன்ன 1,653 பேரின் அமெரிக்கச் சோதனை 2010-ல் எந்தப் பலனையும் காட்டவில்லை. செயலி மட்டும் போதாது, மருந்தை மாற்றும் அதிகாரம் உள்ள ஒருவர் மறுமுனையில் வேண்டும். 2022-ல் வந்த ஸ்ட்ராங்-ஹெச்எஃப் சோதனையில் டிஸ்சார்ஜ் ஆன 1, 2, 3, 6-வது வாரங்களில் வரவழைத்து, இரண்டு வாரத்துக்குள் மருந்துகளை முழு அளவுக்கு ஏற்றினார்கள். 180 நாளில் மரணம் அல்லது இதயச் செயலிழப்புக்கான அட்மிஷன் 23.3%-லிருந்து 15.2%-க்கு வந்தது. திரும்பி வருபவர்களில் பாதிக்கு மேல் முதல் 15 நாளிலேயே வந்துவிடுவதால், மூன்றாம் நாள் ஃபோன், ஏழாம் நாள் நேரில் என்று வையுங்கள். மூன்றாம் நாள் அழைப்பில் நான்கு கேள்வி போதும்: எல்லா மாத்திரையும் கையில் இருக்கிறதா, இன்று காலை எடை என்ன, படுத்தால் எத்தனை தலையணை, வலிக்கு வேறு மாத்திரை ஏதாவது போட்டாரா. மூன்று நாளில் 2 கிலோ ஏறியிருந்தால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும், நீர் மாத்திரையைக் கூட்டுவதா என்று அவர் சொல்வார்.

ஏழாம் நாள் ஓசூர்க்காரரைப் பெங்களூருக்குக் கூப்பிடாதீர்கள். அவருக்கு ஒரு நாள் கூலி, கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி, எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் மூன்று மணி நேரம், வர மாட்டார். அங்கேயே ஒரு லேபில் பொட்டாசியம், கிரியாட்டினின் எடுத்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, வீடியோவில் கால் வீக்கத்தைப் பாருங்கள். ஸ்பைரனோலாக்டோன் பொட்டாசியத்தை ஏற்றும், அதனால் அதைப் புதிதாக ஆரம்பித்தவருக்கு இந்த ஏழாம் நாள் பொட்டாசியம் கட்டாயம், இளநீர் தினமும் குடிப்பவருக்கு இரட்டிப்புக் கட்டாயம்.

கடைசியாக, 30 நாள் எங்கிருந்து வந்தது என்று மேலிடத்தில் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் 2012 அக்டோபரிலிருந்து மறு அட்மிஷன் அதிகமுள்ள மருத்துவமனைகளுக்கு மெடிகேர் கட்டணத்தில் பிடித்தம் செய்கிறது, முதலில் 1%, பிறகு 3% வரை. அந்த எல்லைதான் எல்லாக் கட்டுரைகளிலும் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு இதயச் செயலிழப்பு நோயாளிகளின் இறப்பு கூடியதா என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. உங்களுக்கு அந்தப் பிடித்தம் கிடையாது, எனவே 90 நாள் வைத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை, நிகழ்வுகளும் கூடுதலாகக் கிடைக்கும். மேலிடத்தோடு நடக்கும் முதல் சந்திப்புக்கு மாடலைக் கொண்டு போகாதீர்கள். பின்கோடு வாரியான அட்டவணை ஒன்று, 300 ஃபோன் அழைப்பின் முடிவு ஒன்று, எடை ஃபீல்டின் ஹிஸ்டோகிராம் ஒன்று. இந்த மூன்று தாள் போதும். ஃபோன் எண்கள் உங்கள் லேப்டாப்புக்கு வரக் கூடாது, மருத்துவமனை சர்வரிலேயே இருக்கட்டும்.